அப்பாவிடம் ஆறு வாரம்

அன்புள்ள அண்ணா,

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். அப்பாவுக்கு 76 வயது. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. மருத்துவ உதவியுடன் இறப்பதற்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஜூன் நடுவில் நாள் குறித்தார். ஜூலை கடைசியில் என் மகளின் சாமத்திய வீடு. மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதுவரை பொறுக்கச் சொன்னோம். ‘சரி பிள்ளை’ என்றார். இப்போது மார்ஃபினைக் குறைக்கச் சொல்கிறார். நினைவு தப்பிவிட்டால் டாக்டர் திரும்பிப் போய்விடுவார் என்று பயப்படுகிறார். இது கருணைக்கொலைதானே, பாவமில்லையா? ஊரில் சொந்தங்களுக்கு என்ன சொல்வது? அந்த நேரத்தில் நான் அறையில் இருக்க வேண்டுமா?

ந.

அன்புள்ள ந.,

இதை உங்களுக்கு நேற்றே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

பாவமா என்று என்னிடம் கேட்காதீர்கள். உறக்கமில்லாத எத்தனை இரவுகளில் உங்கள் அப்பா அதைத் தன்னிடமே கேட்டிருப்பார்! அவருக்குக் கிடைத்த பதில் போதும். ஊருக்குப் புற்றுநோய் என்று சொல்லுங்கள். ஒன்ராறியோவில் இறப்புச் சான்றிதழிலும் காரணமாக நோயின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அதற்குமேல் துருவுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

நான் நின்றுபோனது அந்த ‘சரி பிள்ளை’யில்.

2019இல் என் அக்காவுக்குக் கணையப் புற்றுநோய். மருத்துவ உதவியுடன் இறப்பதற்கு அப்போது இருந்தது 2016ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாப் பத்திரங்களும் சரியாக இருந்தாலும், ஊசி போடுவதற்குச் சற்று முன் டாக்டர் மறுபடி கேட்பார். நோயாளி தெளிந்த புத்தியோடு சம்மதம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத நிலையில் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஹாலிஃபாக்ஸில் ஆட்ரி பார்க்கர் என்ற பெண்மணி கடைசியாக ஒரு கிறிஸ்துமஸைப் பார்க்க விரும்பினார். புற்றுநோய் மூளையைத் தொட்டிருந்தது. அதுவரை புத்தி தெளிவாக இருக்குமோ என்ற பயத்தில், 2018 நவம்பர் 1ஆம் திகதியே போய்விட்டார். அக்காவுக்கு அந்தச் செய்தி தெரியும்.

அக்கா நாள் குறித்தபோது அவருடைய மகனுக்கு லண்டனில் இறுதிப் பரீட்சை. “முடித்துவிட்டு வரட்டும், ஒன்பது நாள் பொறுங்கள் அக்கா” என்று கேட்டவன் நான்தான். “சரியடா” என்றார்.

அன்று இரவிலிருந்து மருந்தைப் பாதியாக்கிவிட்டார். எனக்குத் தெரியாது. காலையில் நான் போனதும் முதல் வேலையாக “இன்றைக்கு என்ன திகதி?” என்று கேட்பார். மகன் வருவதற்கு நாள் எண்ணுகிறார் என்று நினைத்தேன். என்னிடம் கேட்பதற்கு முன்பே மனதுக்குள் திகதியைச் சொல்லி வைத்திருப்பாராம், என் பதிலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பாராம். அத்தான் பிறகு சொன்னார். அக்கா போன பிறகு அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் மூன்று தலையணை உறைகள் சுருட்டிச் செருகப்பட்டிருந்தன. மூன்றிலும் ஒரு மூலை கடித்துக் கடித்து நைந்து, நூல் நூலாகத் தொங்கியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அத்தானுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று கடித்திருக்கிறார்.

நான் கேட்டது ஒன்பது நாள். அதுவும் பெற்ற மகனுக்காக. நீங்கள் கேட்டிருப்பது ஆறு வாரம், ஒரு மண்டபத்துக்காக! முன்பணம் போனால் போகட்டும். எலும்பில் புற்றுநோய் இருக்கிறவருக்குக் கட்டிலில் புரண்டு படுப்பதே எவ்வளவு வேதனை என்று பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மேடையில் பேத்திக்குப் பக்கத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்திப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதானே? பேத்திக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே சேலை கட்டி அவர் கட்டிலடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத தகப்பனிடம் கேட்டிருக்கிறீர்கள். பாசத்தில்தான் கேட்டீர்கள், தெரியும். நானும் பாசத்தில்தான் கேட்டேன். அந்த உறைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஒன்றை உடனே செய்யுங்கள். உங்கள் அப்பாவின் பயம் பழைய சட்டம் உண்டாக்கிய பயம். 2021 மார்ச்சில் அதை மாற்றிவிட்டார்கள். இயற்கையான மரணம் நெருங்கிவிட்ட, ஒப்புதல் பெற்ற ஒருவர், நாளைக் குறித்து, ‘அன்று எனக்குப் புத்தி தெளிவில்லாமல் போனாலும் நடத்துங்கள்’ என்று டாக்டருடன் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அன்று அவர் வார்த்தையாலோ சைகையாலோ மறுத்தால் டாக்டர் நிறுத்திவிடுவார். ஆனால் அதை எழுதும்போது புத்தி தெளிவாக இருக்க வேண்டும். அதனால் இதிலும் நாள் கடத்தாதீர்கள். எழுதி முடிந்தால், வலிக்கு வேண்டிய மருந்தை அவர் பயமில்லாமல் எடுக்கலாம். அவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும், வலியில் இருப்பவர் காதில் எவ்வளவு ஏறும்?

அறையில் இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் இருங்கள், வேண்டாம் என்றால் அடுத்த அறையில் இருங்கள். கையில் ஏற்கெனவே ஊசிக்குழாய் போட்டிருப்பார்கள். முதல் மருந்திலேயே உறங்கிவிடுவார். மற்ற மருந்துகள் அந்த உறக்கத்துக்குப் பிறகுதான். அக்காவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகன் காலடியில் இருந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் டாக்டர் மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவிப்பார், அங்கிருந்து உங்களிடமும் பேசக்கூடும். இங்கே ஒவ்வொருவருக்கும் அப்படித்தான், பதறாதீர்கள்.

இன்று இரவு அப்பாவிடம் போய், “நீங்கள் முதலில் குறித்த நாளே இருக்கட்டும் அப்பா” என்று சொல்லுங்கள். நாளைக் காலை டாக்டரைக் கூப்பிடுங்கள்.