வாழ்க்கையைக் கொண்டாடி வாழ்ந்த ஒருவரை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?

உண்டு. என் சித்தப்பா. குன்னூர்க்காரர், அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் சர்க்கரை நோய் முற்றி இறந்துபோனார். அவருடைய பைக் மோகம் ஊருக்கே தெரியும். அதனால் துக்கம் விசாரிக்க வந்த பலர் முதலில் கேட்டது, "எந்த வளைவுல விழுந்தாரு?" என்றுதான். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஜாலியான ஆள், வண்டி ஓட்டுகிற ஆள் என்றால் பொறுப்பில்லாதவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் அவரைவிடப் பொறுப்பான மனிதரை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே செய்வார், அதனால் பலருக்கு அது கண்ணில் படவில்லை.

அவரிடம் இருந்தது எஸ்டி ரோட்கிங். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் சைலன்சர். மைசூரில் செய்த வண்டி, 1996-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். உள்பக்கம் அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர், ஸ்டார்ட் ஆனதும் முன்னால் விட்டால் கியர். எங்களை வரிசையாக நிற்கவைத்து "மந்திரம் சொல்லுங்கடா" என்பார். நாங்கள் கத்தக் கத்த உதைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பர்லியாறு வரை போவோம். ஒரு வண்டியில் ஐந்து பேரை அடுக்கிக்கொண்டு போகிற வேலையெல்லாம் அவரிடம் நடக்காது. சித்தியும் தங்கச்சிகளும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில். ஒரு பிள்ளைக்கு மட்டும் வண்டியில் இடம், அதுவும் முறை வைத்து. முறை யாருடையது என்று சமையலறைக் காலண்டரில் எழுதியிருக்கும், அதில் அழுது மாற்ற முடியாது. கிளம்புமுன் ஸ்வெட்டருக்குள் நெஞ்சில் ஒரு செய்தித்தாளை மடித்து வைப்பார், காற்று ஏறாமல் இருக்க. "இன்னிக்கு உனக்கு விளையாட்டுச் செய்தி பாப்பா, வேகமா போகும்" என்பார். பிறகு பஸ் பின்னாலேயே இறங்குவோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்கண்ணாடியில் தங்கச்சிகள் நாக்கை நீட்டுவார்கள். சித்தப்பாவும் ஹெல்மெட்டைத் தூக்கி பதிலுக்கு நீட்டுவார்.

பர்லியாறில் சீசன் நேரத்தில் மங்குஸ்தான் விற்பார்கள். பழத்தை உடைக்குமுன் உள்ளே எத்தனை சுளை என்று பந்தயம். அவர்தான் எப்போதும் ஜெயிப்பார். பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இந்த ரகசியத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்தாவது பிறந்தநாளில்தான் காதோடு சொன்னார், சின்னவர்களிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. தெரிந்துகொண்ட பிறகும் தங்கச்சிகளுக்காகத் தோற்கிற மாதிரி நடிக்க வேண்டும், அதுவும் சத்தியத்தில் சேர்த்தி.

பெண் பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஏறின கியரிலேயே இறங்கணும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடணும். டூ ஸ்ட்ரோக்கில் இன்னொன்று உண்டு. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் இன்ஜினுக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியே வைத்திருந்தால் ஆயிலும் போகாது, இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் இடையிடையே லேசாக முறுக்கிவிட வேண்டும். "அதுக்கும் தாகம் எடுக்கும்ல" என்பார். வெளியூர்க் கார் எதிலாவது பிரேக் கருகுகிற நாற்றம் அடித்தால் முந்திப்போய்க் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பிரேக் ஆறுகிற வரை அவர்களோடு பேசிக்கொண்டு நிற்பார், இரண்டாவது கியரில் போகச் சொல்லி அனுப்புவார். எங்களுக்குப் பசி எடுத்துவிடும், அவர் நகரமாட்டார்.

2009 நவம்பர் மழையை நீலகிரியில் யாரும் மறக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்சரிவில் இறந்தார்கள். கேத்திப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டில் கைக்குழந்தை. பஸ் இல்லை, ரோடு பல இடத்தில் இல்லை. பால் பவுடரையும் மருந்தையும் பாலித்தீன் பையில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினார். சேறு மூடிய இடங்களில் அங்கிருந்தவர்கள் வண்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பு வரை சேற்றோடு வாசலில் நின்றவர் சொன்ன முதல் வார்த்தை, "டீ போடுங்க அண்ணி, வண்டிக்குக் குளிருதாம்." பெரியம்மா இதை எப்போது சொன்னாலும் சிரிக்க ஆரம்பித்து அழுதுதான் முடிப்பார்.

கடைசி இரண்டு வருடம் காலில் ஆறாத புண். கிக்கர் உதைக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். எரிச்சல்படுவார் என்று பயந்தோம். அவரோ, என் பெரிய தங்கச்சியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவள் ஹாரன் அடிக்க மறந்த வளைவுகளில் வாயாலேயே அடித்துக்கொண்டு போனார்.

வண்டி இப்போது அவளிடம்தான். பழைய உதிரிபாகம் தேடி அலைவதும் அவள்தான். பிள்ளைகளோடு பஸ்ஸிலேயே போய்வந்த சித்திக்கு இப்போது பின்சீட் நிரந்தரம். காலண்டரில் முறை எழுதுவதெல்லாம் கிடையாது.