இரட்டை வண்டி வாங்க முன்னம் படிக்கட்டைப் பாருங்கள்

கேள்வி: கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் முதலாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் இல்லை. மகனுக்கு 19 மாதம். அடுத்த பிள்ளை இன்னும் மூன்று மாதத்தில் பிறக்கும். மகனுக்கு இப்போது குடை போல மடிக்கிற சின்னத் தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது. கணவர் இணையத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற ஒரு இரட்டை வண்டி பார்த்து வைத்திருக்கிறார். மேலே ஒரு இருக்கை, கீழே ஒரு இருக்கை, விலை ஆயிரம் பவுணுக்கு மேல். பக்கத்தில் பக்கமாக இருக்கிற வண்டிதான் நல்லது என்கிறாள் தோழி. மாமியோ, "இவ்வளவு காசு என்னத்துக்கு? அதோட பிள்ளை பிறக்க முன்னம் வண்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்கிறா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, மூன்று பேரும் வண்டியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். உங்கள் படிக்கட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இரவில் அந்த வண்டி எங்கே நிற்கப் போகிறது?

கீழ் வாசல் நடையில் விடலாம் என்று நினைத்திருந்தால், முதலில் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வர வேண்டிய வழி அது. அங்கே சாமான் வைக்க அநேகமானவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்காவிட்டால் வண்டி உங்களோடு மேலே வர வேண்டும். இரட்டை வண்டிகள் பெரும்பாலும் 13 கிலோவிலிருந்து 17 கிலோ வரை பாரம். அதைவிடப் பாரம் குறைந்தவையும் உண்டு, ஆனால் உங்கள் கணவர் பார்த்திருக்கிற வகை அப்படி இராது.

பாரத்தைக்கூட ஒருமாதிரிச் சமாளிக்கலாம். மழை நேரத்தில் தனியாக வீட்டு வாசலில் வந்து நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வண்டியை மடிக்க இரண்டு கை வேண்டும். சின்னது எங்கே? அதைத் தூக்கி வைத்துக்கொண்டு மடிக்க முடியாது. பெரியவனை இறக்கிவிட்டால் நீங்கள் கொளுக்கியைத் தேடுகிற நேரத்தில் அவன் வீதிப் பக்கம் போய்விடுவான். இருவரையும் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வண்டிக்காகத் திரும்ப இறங்கினால், வீட்டில் இரண்டு பிள்ளைகளும் தனியே. கணவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் இதுதான் கதை. சிசேரியன் ஆகிவிட்டால் முதல் ஆறு கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு 15 கிலோவைத் தூக்குவது யார்?

உங்களிடம் இருக்கிற அந்தக் குடை வண்டியைக் குறைவாக நினைக்காதீர்கள். அதை உருவாக்கியவர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தரையிறங்குகிற சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியியலாளர். ஓய்வு பெற்ற பிறகு, மகள் பேரப்பிள்ளையின் பாரமான வண்டியோடு படுகிற பாட்டைப் பார்த்து அலுமினியக் குழாய்களில் ஒன்று செய்தார். 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் பாரம் மூன்று கிலோவுக்குள் நின்றது. அறுபது வருடம் கழித்து நாங்கள் மறுபடியும் பாரமான வண்டிக்கு ஆயிரம் பவுண் கொடுக்க நிற்கிறோம்!

சரி, இரட்டை வண்டிக்கு வருகிறேன். மேல்-கீழ் வகையின் நன்மை அகலம். ஒற்றை வண்டி போகிற கதவால் அதுவும் போகும். ஆனால் கீழ் இருக்கையில் இருக்கிற பிள்ளைக்கு வெளியே பார்க்க அதிகம் இல்லை. மேலே இருக்கிறவனின் சப்பாத்து அதன் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை தானாக ஏறி இறங்கத் தொடங்கும்போது பாரம் ஒரு பக்கம் சாயும். கைப்பிடியில் மரக்கறிப் பையும் தொங்கினால், பெரியவன் முன்னால் குதித்து இறங்க வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும், உள்ளே சின்னது இருக்க. கைப்பிடியில் பை மாட்டாதீர்கள் என்று கையேட்டில் இருக்கும், ஒருவரும் வாசிப்பதில்லை. நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்குவதும் நீளமான வண்டியில் கஷ்டம்.

தள்ளுவதற்கு, தோழி சொல்வதுதான் சரி. பக்கத்தில் பக்கமாக இருந்தால் இருவருக்கும் சம இடம், பாரமும் சமமாக இருக்கும். சண்டை வரும், அது வேறு. பிரச்சினை அகலம்தான். இந்த வகையில் பல 72 முதல் 77 செ.மீ. வரை வருகின்றன. 63 செ.மீ. அளவில் ஒடுக்கமானவையும் கிடைக்கும். இந்த நாட்டு வீடுகளில் உள் அறைக் கதவுப் பலகை பொதுவாக 76 செ.மீ. கதவு திறந்து நிற்கும்போது கிடைக்கிற இடைவெளி அதைவிடக் குறைவு. அதனால் பலகையை அளக்காதீர்கள், இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். மாடிப்படி திரும்புகிற மூலையையும் அளந்துகொள்ளுங்கள்.

பஸ்ஸை மறக்க வேண்டாம். லண்டன் பஸ்ஸில் வண்டியை மடிக்காமல் ஏற்றலாம். ஆனால் அந்த இடம் முதலில் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு. அவர் வந்தால் நீங்கள் மடிக்க வேண்டும், அல்லது இறங்க வேண்டும். 2012-இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகிற பஸ்ஸில் ஒரு தாய் வண்டியை நகர்த்த மறுத்ததால், சக்கர நாற்காலியில் வந்த ஒருவருக்கு ஏற முடியாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சாரதி ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளை இறக்கி இரட்டை வண்டியை மடிப்பது தனி ஒருத்தியால் ஆகாத காரியம். இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கத்தான் வேண்டும். இதற்குக் குடை வண்டி எவ்வளவோ மேல். டிஎல்ஆர் என்கிற இலகு ரயிலின் நிலையங்கள் எல்லாவற்றிலும் படி ஏறாமல் போகலாம் என்பதால், முடிந்த இடத்துக்கு அதில் போங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முதல் ஐந்து, ஆறு மாதம் சின்னதை உடம்போடு கட்டுகிற ஸ்லிங்கில் வைத்து, பெரியவனைக் குடை வண்டியில் தள்ளுவேன். இரண்டு கையும் விடுதலை. படியேறும்போது ஒரு கையில் பெரியவன், மற்றக் கையில் மடித்த வண்டி. ஸ்லிங்கில் பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, குனிந்தால் உச்சியில் முத்தமிடக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். சிசேரியன் ஆனால், காயம் ஆறும்வரை எதை எப்போது கட்டலாம் என்று மிட்வைஃபிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்தில் சின்னது உட்காரத் தொடங்கும். குடை வண்டிகள் பலவும் அந்த வயதிலிருந்துதான் பொருத்தம். அப்போது பெரியவனுக்கு இரண்டே கால் வயது தாண்டிவிடும். அவன் பின்னால் நின்று வருகிற சக்கரப் பலகை ஒன்று வாங்கினால் போதும். வண்டியின் மாடலுக்கு அது பொருந்துமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். உங்கள் முழங்கால் கொஞ்ச நாளைக்கு அதில் இடிபடும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். உங்களுக்கு முதுகு நோவு இருந்தால், அல்லது நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடக்கிறவர் என்றால் ஸ்லிங் மட்டும் போதாது. வீட்டுச் சொந்தக்காரர் கீழே இடமும் தந்தால் இரட்டை வண்டி வாங்குங்கள், பக்கத்தில் பக்கமாக இருப்பதையே வாங்குங்கள். பிறந்த பிள்ளைக்கு முழுதாகப் படுக்கிற இருக்கையோ தொட்டிலோ இருக்க வேண்டும். பாதி சாய்வது போதாது. கார் சீற்றை வண்டியில் மாட்டி மணிக்கணக்காக உலாத்துவதும் கூடாது. இது உங்கள் கணவர் பார்த்த வகைக்கும் பொருந்தும். அவற்றில் சிலவற்றில் தொட்டில் ஒரு தட்டில் மட்டும்தான் மாட்டலாம்.

பாவித்த வண்டி எடுக்க வெட்கப்படாதீர்கள். இரட்டை வண்டியை ஒரு குடும்பம் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, அதனால் நல்லவை பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சரிவில் நிறுத்திப் பிரேக் பிடிக்கிறதா, பிள்ளையைக் கட்டுகிற ஐந்து புள்ளி வார் கொளுவுகிறதா, மடிப்புப் பூட்டு இறுக நிற்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் அந்த மாடலைத் திரும்ப அழைத்தாரா என்றும் தேடிப் பாருங்கள். நான் புகழ்ந்த மக்லாரன் நிறுவனமே 2009-இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு மடிப்பு மூட்டை மூடும் உறை கொடுக்க வேண்டி வந்தது. பிள்ளைகளின் விரல் நுனி அதில் அகப்பட்டு வெட்டுப்பட்டிருந்தது. எந்த வண்டியானாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பெரியவன் தள்ளி நிற்கட்டும்.

இனி மாமி. பிறக்க முன்னம் வண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்கிற எண்ணம் இந்த நாட்டு ஆட்களிடமும் இருக்கிறது. அதனால் கடைகள் சிலவற்றில் பிள்ளை பிறக்கும்வரை வண்டியை அங்கேயே வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இணையத்தில் எடுத்தால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பலாம். மூன்று மாதம் முன்னமே இறக்கி மூலையில் வைத்தால் அந்தக் காலம் பிள்ளை ஏறாமலே முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் மாமி பக்கம்.