பல்கலைக்கழக மின்னஞ்சல்: கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் மின்னஞ்சலைக் கவனித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணன் திருமண அழைப்பைப் பல்கலைக்கழக முகவரியிலிருந்து அனுப்பலாமா?

பத்து நண்பர்களுக்கு என்றால் அனுப்புங்கள். துறையின் மொத்தப் பட்டியலுக்கு வேண்டாம்.

கேள்வி: பொதுக் கடிதம் ஒன்றுக்கு, "என் பெயரை நீக்குங்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். கண்டித்தார்கள். தவறா?

தவறுதான். 2012 நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அம்மாவுக்கு அனுப்ப நினைத்த ஒரு வரியை 'ரிப்ளை ஆல்' அழுத்தி அனுப்பிவிட்டார். அது சுமார் 40,000 மாணவர்களுக்குப் போனது. அதன்பின் ஆளாளுக்கு எல்லோருக்கும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே முதல் பிழை அந்த மாணவருடையது அல்ல. யாரும் எழுதலாம் என்று பட்டியலைத் திறந்து வைத்தவர்களுடையது. உங்களைக் கண்டித்தவர்களும் முகவரிகளைப் பி.சி.சி.யில் (பெறுபவர்களுக்கு மற்றவர்களின் முகவரி தெரியாத கட்டத்தில்) போட்டிருந்தால், உங்கள் பதில் அனுப்பியவரோடு நின்றிருக்கும்.

கேள்வி: என் ஆய்வு வழிகாட்டி தன் கடவுச்சொல்லைக் கொடுத்து, கடிதங்களுக்குப் பதில் எழுதச் சொல்கிறார்.

வாங்காதீர்கள். கடவுச்சொல் கையெழுத்துக்குச் சமம். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. அவரே கொடுத்தது மோசடி ஆகாது என்பீர்கள். நாளை ஒரு கடிதத்தால் பிரச்சினை வந்தால், வாய்மொழியாகக் கொடுத்ததை எப்படி நிரூபிப்பீர்கள்?

கேள்வி: நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள். வழிகாட்டியிடம் மறுத்தால் முனைவர் பட்டம் என்ன ஆகும்?

உங்கள் அச்சம் நியாயமானது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பழி வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும், அவர் தலையில் அல்ல. மறுக்க முடியாவிட்டால் மாற்று வழி சொல்லுங்கள். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும், கடவுச்சொல் தராமலே இன்னொருவரிடம் பெட்டியை ஒப்படைக்கும் 'டெலிகேட்' வசதி உண்டு. அமைத்துத் தரும்படி கணினி மையத்திடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை உறுதிசெய்க" என்று கணினி மையத்தின் பெயரில் கடிதம் வந்திருக்கிறது.

மோசடி. எந்தக் கணினி மையத்துக்கும் உங்கள் கடவுச்சொல் தேவையில்லை.

கேள்வி: விடுதி நண்பனுக்கு ஒரு நாள் மட்டும் கடவுச்சொல் கொடுக்கலாமா?

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். கூடாது.

கேள்வி: படிப்பு முடிந்ததும் கணக்கு என்ன ஆகும்?

பல இடங்களில் மூடிவிடுவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அந்த முகவரியைக் கொடுத்திருந்தால், சொந்த முகவரி ஒன்றையும் இதழ்களின் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.