ஓவியப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் டெட்சுயா இஷிதாவின் படங்களில் எல்லா ஆண்களுக்கும் ஒரே முகம். இன்னொரு ஜப்பானிய ஓவியர் யோஷிடோமோ நாராவின் சிறுமிகளும் தனியாகவே நிற்கிறார்கள். இரண்டும் ஒரே தனிமைதானா? (கல்லூரி மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: இல்லை, நேர் எதிரானவை. இஷிதா 1973இல் பிறந்து 31 வயதில் மறைந்தவர். ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்த காலத்தில் வரையத் தொடங்கினார். ‘எரிபொருள் நிரப்புவது போன்ற உணவு’ (1996) என்ற படத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் கோட் அணிந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பணியாளர்கள் பெற்றோல் பம்பின் குழாய்முனையை அவர்கள் வாயில் செருகுகிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு உணவு ஊட்டுவதைவிட நெருக்கமான செயல் எது? அதையே இயந்திர வேலையாக்கிவிட்டார். முகங்கள் ஓவியரின் சாயலிலேயே இருக்கின்றன. ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை இருத்தினாலும் கடைக்கு ஒன்றும் குறையாது.

நாரா 1959இல் ஜப்பானின் ஹிரோசாகி நகரில் பிறந்தவர். அவருடைய சிறுமியைச் சுற்றி ஆளும் இல்லை, அறையும் இல்லை. ஆனால் பெரும்பாலும் அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். 2011 ஜப்பான் பூகம்பத்துக்குப் பின் நாரா சில காலம் களிமண்ணில் கைகளால் உருவம் செய்தார். பிறகு வந்த ‘மிஸ் ஸ்பிரிங்’ (2012) போன்றவற்றில் கண்களே படமாகிவிட்டன. மெல்லிய வர்ணங்கள் படலம் படலமாக ஏறியிருக்கின்றன. இஷிதா உறவின் கதவை அடைக்கிறார், நாராவின் சிறுமி அதைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள். எங்களுக்கு அதிகம் கனப்பது இஷிதாதான்.

கேள்வி: 100ஆம் இலக்க பஸ்ஸில் நெருங்கி நிற்பவர்களை அக்கிரிலிக் வர்ணத்தில் வரைகிறேன். வெறும் கூட்டமாகத்தான் தெரிகிறது, தனிமை வரவில்லை. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையும் வளைந்துவிட்டது. (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ஆட்களைக் குறையுங்கள், நான்கு பேர் போதும். தோள்கள் முட்டட்டும். பிறகு ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் பென்சிலால் பார்வைக் கோடு இழுங்கள். இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்தால் அங்கே ஒரு உரையாடல் பிறந்துவிடும். ஒருவரின் தலையைச் சற்றுத் திருப்பி அதைப் பிரித்துவிடுங்கள். கைகளை மறைக்காதீர்கள். ஒரே கம்பியை மூன்று கைகள் பிடித்திருக்க, இடையில் இரண்டு விரல் அகல வெற்றிடம் இருந்தால் அதுவே பேசும். கண்ணீர், குனிந்த தலை, இருண்ட மூலை மூன்றும் வேண்டாம். பார்ப்பவரிடம் இரக்கம் கேட்கும் படமாகிவிடும்.

பலகை வளைந்ததற்குக் காரணம், முன்பக்கம் மட்டும் கெசோ (வர்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசியது. பூசாத பக்கம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. 6 மில்லிமீற்றர் பலகை எடுத்து முன், பின், விளிம்பு எல்லாவற்றிலும் மெல்லிதாக இரண்டு பூச்சு கொடுங்கள். கெசோ நான்கு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. அடுத்த பூச்சுக்கு முன் நன்றாகக் காயவிட்டு, 220 இலக்க சாண்ட் பேப்பரால் தேயுங்கள். மழை நாளில் ஓர் இரவு விடுவது நல்லது.

கேள்வி: கலக்கும்போது சரியாக இருக்கும் சாம்பல் நிறம் காய்ந்ததும் கறுத்துவிடுகிறதே? (வாசகி, தெஹிவளை)

பதில்: அக்கிரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல் வெண்மையாக இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால்தான் நிறம் ஆழமாகிறது. கறுப்பைத் தவிர்த்து, அல்ட்ராமரீன் நீலம் இரண்டு பங்கு, பேர்ண்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒரு பங்கு கலந்து, வெள்ளையால் வெளிறச் செய்யுங்கள். தேவையானதைவிட ஒரு படி வெளிறலாக நிறுத்தி, கெசோ பூசிய துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்த பின்பே படத்தில் உள்ள சுவருக்கும் தோலுக்கும் போடுங்கள். மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்; மறுநாள் புதிதாகக் கலந்து ஒட்டுப் போட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.