அரிசியும் வைக்கோலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரிசியில் இருக்கும் ஸ்டார்ச்சும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதான் என்று பாடத்தில் படித்துவிட்டு, "அப்ப மாடு திங்கிறத நாம ஏம்மா திங்க முடியல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று, என் கணவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வீட்டில் 'கார்ப்', அதாவது ஸ்டார்ச், சர்க்கரை போன்ற கார்போஹைட்ரேட், என்பதே கெட்ட வார்த்தையாகிவிட்டது. உடம்புக்கு அது உண்மையிலேயே வேண்டாத பொருள்தானா?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்யாமல் அந்த இடத்தில் நின்றுவிட்டாள் பாருங்கள், அதற்காகவே இந்தப் பதிலை அவளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பாடம் சொல்வது சரிதான். இரண்டும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். கோக்கும் விதத்தில்தான் வேறுபாடு. குளுக்கோஸ் ஓர் ஆறுமூலை வளையம். அதன் முதல் கார்பனில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பூக்கட்டும்போது பார்க்கலாம். மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிராக வைத்துக் கட்டினால் சரம் நேராக நிற்கும். எல்லாப் பூவையும் ஒரே பக்கமாக வைத்துக் கட்டினால் சுருண்டுகொள்ளும். ஸ்டார்ச் சங்கிலி சுருள்கிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு குளுக்கோஸ். சுருள்களுக்கு இடையே தண்ணீரும், பிணைப்பை வெட்டும் நொதியும் நுழைய இடமுண்டு. செல்லுலோஸில் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் மாறி மாறி வருவதால் சங்கிலி நேராக நீள்கிறது. அப்படிப் பல சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நாராகின்றன. ஆன்செல்ம் பாயேன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1838-இல் இந்தப் பொருளைச் செடிகளிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார்.

கஞ்சி போட்ட பருத்திச் சேலை ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும். அதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. துணி, ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். மேலே மொடமொடவென்று நிற்கும் கஞ்சி, ஸ்டார்ச். தண்ணீரில் அலசினால் கஞ்சி போய்விடும், துணி அப்படியே இருக்கும். இரண்டும் குளுக்கோஸ்தான் என்பதை அந்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம் சொல்லுங்கள்.

நம் எச்சிலிலும் கணையத்திலும் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை மட்டும்தான் வெட்டும். சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டிருந்தால் லேசாக இனிக்கிறதே, அது அமைலேஸ் ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு. பீட்டா பிணைப்பின் வடிவம் அந்த நொதிக்குள் பொருந்தாது. வைக்கோலை நாள் முழுக்க மென்றாலும் வாய்தான் வலிக்கும்.

அப்படியானால் மாட்டுக்கு மட்டும் எப்படி முடிகிறது? உண்மையில் மாட்டின் உடம்பும் செல்லுலோஸை வெட்டும் நொதியைச் சுரப்பதில்லை! அதன் வயிற்றின் முதல் அறையில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மற்ற நுண்ணுயிர்களும்தான் வெட்டுகின்றன. பெரிய மாட்டுக்கு அந்த அறை 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். காற்று புகாத, வெதுவெதுப்பான புளிப்புப் பானை என்றே சொல்லலாம். ராத்திரி கொட்டகையில் மாடு படுத்து அசைபோடுவது, நுண்ணுயிர்கள் வேலை செய்ய வசதியாக நாரை இன்னும் பொடியாக்கித் தருவதற்குத்தான். அவை தரும் அசிட்டிக், புரப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களே மாட்டுக்குப் பெரும்பங்கு ஆற்றல். பிறந்த கன்றுக்கு அந்த அறை இன்னும் வளர்ந்திருக்காது. அது குடிக்கும் பால்கூட அங்கே போகாமல் தனி வழியாகக் கடைசி அறைக்குப் போய்விடும். நுண்ணுயிர்கள் குடியேறி, அறை பெருத்த பிறகுதான் கன்று வைக்கோலை நம்பி வாழ முடியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உடம்பு வேண்டாம் என்று ஒதுக்கும் பொருளாக இருந்தால் அதைத் தானே செய்து சேமித்து வைக்குமா? ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் அதைவிடப் பல மடங்கு கிளைக்கோஜன் இருக்கிறது. அதுவும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். கிளோட் பெர்னார் என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1857-இல் அதை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார். குளுக்கோஸைத் தனித்தனியாகவே வைத்திருந்தால் அது தண்ணீரை இழுத்துச் செல்லை ஊதவைத்துவிடும். அதனால்தான் கோத்து வைக்கிறது. அதையும் ஒரே கயிறாகக் கோக்காமல், பத்துப் பன்னிரண்டு குளுக்கோஸுக்கு ஒரு கிளையாகப் பிரித்து வைக்கிறது. முனைகள் நிறைய இருந்தால் எல்லா முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் கழற்றலாம். நகர ஆரம்பித்த பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கிறீர்களே, அந்தச் சில நொடிகளில் தசைக்குள் நடப்பது இதுதான்.

எரிபொருளாக மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. இரத்த வகையே சர்க்கரைதான். சிவப்பணுவின் மேல் நிற்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் கூடுதலாக அசிட்டைல் காலக்டோசமைன் என்ற சர்க்கரை இருந்தால் ஏ, காலக்டோஸ் இருந்தால் பி, இரண்டும் இல்லையென்றால் ஓ. நுனியில் ஒரே ஒரு சர்க்கரை மாறியதால் இரத்தம் ஏற்றப்பட்ட எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1901-இல் இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டும்வரை ஏன் என்று யாருக்கும் தெரியாது. நம் டிஎன்ஏயின் முதுகெலும்பிலும் சர்க்கரை இருக்கிறது.

உங்கள் கணவருக்குச் சோற்றின் அளவை மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தால் அதை அப்படியே கேளுங்கள். அவருக்குப் பிரச்சினை, இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை உடம்பு சமாளிக்கத் தடுமாறுவது. குளுக்கோஸ் கெட்ட பொருள் என்பதல்ல. கீரையிலும் அவரைக்காயிலும் இருக்கும் நார்கூடக் கார்போஹைட்ரேட்தான். அது இரத்தத்தில் சர்க்கரையாக ஏறாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பயம் கொஞ்சம் குறையும்.

மகளுக்கு ஒரு வேலை. சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து, அதில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். கருநீலமாகும். ஸ்டார்ச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்வதால் வரும் நிறம் அது. வைக்கோலை ஊறவைத்த தண்ணீரில் அந்த நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், நீலமான கஞ்சியில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று, வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். சுருள் தளர்ந்து நீலம் மறையும். எடுத்து ஆறவிட்டால் மெல்லத் திரும்பி வரும். பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கஞ்சியை யாரும் குடித்துவிடாமல் கொட்டிவிடுங்கள்.