டார்வினுக்குக் கப்பல் ஓட்டியவர் மட்டும்தானா?

கேள்வி: சென்ற இதழில் வானிலை அறிவிப்பைத் தொடங்கியவர் என்று ராபர்ட் ஃபிட்ஸ்ராயைப் பாராட்டியிருந்தீர்கள். டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் கேப்டன் என்பதைத் தவிர அவருக்கு என்ன பெருமை? அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர், பைபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரிணாமக் கொள்கையை எதிர்த்தவர். அறிவியலுக்கு எதிரியான ஒருவருக்கு உங்கள் பத்திரிகையில் இவ்வளவு இடம் எதற்கு? – ஒரு வாசகர், தூத்துக்குடி.

பதில்: உங்கள் இரண்டு குற்றச்சாட்டுகளும் உண்மைதான். 1832இல் பிரேசிலில் ஒரு பண்ணையார் தன் அடிமைகளைக் கூப்பிட்டு, “விடுதலை வேண்டுமா?” என்று கேட்க, எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். ஃபிட்ஸ்ராய் அதை ஒரு சான்றாகச் சொன்னார். எஜமான் முன்னால் சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டதும், இனி சேர்ந்திருக்க முடியாது என்று கொதித்தார். சில மணி நேரத்தில் மன்னிப்பும் கேட்டார். கோபப்பட்டதற்குத்தான் மன்னிப்பு, கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நியாயம் முழுக்க டார்வின் பக்கம். 1860 ஜூன் 30 அன்று பரிணாமக் கொள்கை பற்றி நடந்த ஆக்ஸ்ஃபர்டு விவாதத்தில் பைபிளைத் தூக்கிக் காட்டியதும் நடந்ததுதான்.

ஆனால் அவர் ஆக்ஸ்ஃபர்டுக்குப் போனது எதற்காக? பிரிட்டனின் புயல்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க. அதை விட்டுவிட்டுக் கதை சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

12 வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தவர். 23 வயதில் பீகிள் அவர் கைக்கு வந்தது. முந்தைய கேப்டன் தென் அமெரிக்காவின் தென்கோடியில், தனிமையும் சோர்வும் தாங்காமல் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். அடுத்த பயணத்துக்குப் படித்த துணை ஒருவர் வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் தேடியதில் அந்த அச்சத்துக்கும் பங்கு உண்டு. அப்படிக் கிடைத்தவர்தான் டார்வின். 1831 முதல் 1836 வரை நடந்த அந்தப் பயணத்தில் ஃபிட்ஸ்ராய் எடுத்த கடற்கரை அளவைகளை வைத்து வரைந்த படங்களை நம்பி, பின்னால் பல தலைமுறை மாலுமிகள் கப்பல் ஓட்டினார்கள்.

1843இல் நியூசிலாந்து ஆளுநராகப் போனார். அதற்குச் சில மாதம் முன்புதான் வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கும் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கும் மோதல் நடந்து, குடியேறிகள் தரப்பில் 22 பேர் இறந்திருந்தார்கள். தப்பு குடியேறிகள் மேல்தான் என்று ஃபிட்ஸ்ராய் முடிவு சொன்னார். அவர்களுடைய ஆத்திரமும் காலியான கஜானாவும் சேர்ந்து 1845இல் அவர் பதவியைப் பறித்தன. பிரேசிலில் நடந்ததைச் சொல்பவர்கள் வைராவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, வானிலைக்கு வருவோம். 1854இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கொடுத்த வேலை, கப்பல்களிலிருந்து காற்று, அழுத்தம் பற்றிய கணக்குகளைச் சேகரித்து அட்டவணை போடுவது. அவ்வளவுதான். 1859 அக்டோபரில் மெல்பர்னிலிருந்து தங்கத்தோடும் பயணிகளோடும் லிவர்பூல் திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், கரையை நெருங்கிய நேரத்தில் வேல்ஸை ஒட்டிய ஆங்கில்சி தீவின் பாறைகளில் மோதி நொறுங்கியது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் புயலின் போக்கை மணிவாரியாக ஆராய்ந்து, தந்தி இருக்கும் காலத்தில் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும் என்று காட்டினார்.

காட்டியதோடு நிற்கவில்லை. கரையோர நிலையங்களிலிருந்து தினமும் காலையில் காற்றழுத்தமும் காற்றின் திசையும் தந்தியில் லண்டனுக்கு வர ஏற்பாடு செய்தார். ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். அங்கே கம்பத்தில் கித்தான் போர்த்திய கூம்பை ஏற்றுவார்கள். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகள். முதல் எச்சரிக்கை போனது 1861 பிப்ரவரியில். எழுதப் படிக்கத் தெரியாத மீனவனுக்கும் புரிகிற அறிவியல் இது. 1864 புயலில் கல்கத்தா சீரழிந்த பிறகு, 1865இல் அங்கும் துறைமுக எச்சரிக்கை தொடங்கியது. உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டும் இந்த வழியில் வந்ததுதான்.

அன்றைய அறிஞர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. கோட்பாடு முழுமையடையாமல் எப்படி ஊகம் சொல்லலாம் என்றார்கள். பத்திரிகையில் வந்த அவருடைய வானிலைக் கணிப்பு தவறியபோது கேலி செய்தார்கள். கோட்பாடு முழுமையடையும்வரை மீனவன் சாகலாமா? ஃபிட்ஸ்ராய் காத்திருக்க மறுத்தார். அவர் செய்த மிகச் சரியான காரியம் இது என்பேன்.

உடல் தளர்ந்து, மனம் உடைந்து, 1865 ஏப்ரல் 30 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கப்பல் பணிக்குக் கைக்காசைக் கொட்டியவர், குடும்பத்துக்குக் கடனைத்தான் விட்டுப்போனார். பழைய நண்பர்கள் நிதி திரட்டினார்கள். நீங்கள் எதிரணியில் நிறுத்துகிற அதே டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

அப்புறம் ஒரு விசாரணைக் குழு கூடி, போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று முடிவு செய்ய, 1866 டிசம்பரில் எச்சரிக்கைகள் நின்றுபோயின. மாலுமிகளும் துறைமுகக்காரர்களும் விடவில்லை. அவர்கள் கேட்டுக் கேட்டு, 1867இலேயே அரசு புயல் எச்சரிக்கையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.