மகன் கிடார்தான் வேண்டும் என்கிறான்: ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா.

இயற்பியல் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு இசைக்குழு தொடங்கப் போகிறேன் என்று தம்பி அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். கேட்டால் இங்கிலாந்தின் ‘குயீன்’ ராக் இசைக்குழுவில் கிடார் வாசிக்கும் பிரையன் மேயைக் காட்டுகிறானாம். சரி, அவரையே பார்ப்போம்.

1963ல் அந்த இங்கிலாந்துப் பையனுக்கு நல்ல கிடார் வாங்க வசதியில்லை. அப்பா ஹரால்டோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். பழைய கணப்படுப்பின் கட்டை கிடாரின் கழுத்தானது. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்கும் அதற்குள் போனது. விரல் பலகையில் இருக்கும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பொத்தான்கள். செய்து முடிக்கச் சுமார் இரண்டு வருடம் ஆனது. மேடையில் அவர் இன்றைக்கும் வாசிப்பது அந்தக் கிடாரைத்தான்.

ஆனால் அவர் பட்டப்படிப்பை விடவில்லை. 1968ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கினார். அப்புறம் சூரியனைச் சுற்றியுள்ள தூசைப் பற்றி முனைவர் ஆய்வு. குயீன் 1970ல் தொடங்கியது. ஆய்வும் குழுவும் சில வருடம் சேர்ந்தே ஓடின. நடுவில் பள்ளியில் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் ஆய்வைப் பாதியில் விட்டது 1974ல். அதற்குள் குழுவின் ஆல்பங்கள் வெளிவந்திருந்தன, கச்சேரிகளும் நடந்துகொண்டிருந்தன. தம்பி கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கூடவே உட்கார்ந்து கிடார் செய்த அதே ஹரால்ட்தான் மகன் ஆய்வை விட்டபோது மனம் உடைந்தார். இருவருக்கும் நடுவே நெடுநாள் பேச்சு சரியாக இல்லை. நியூயார்க்கில் மகன் வாசித்ததை நேரில் பார்த்த பிறகே அவர் மனம் இறங்கியது.

விட்ட ஆய்வை பிரையன் மே 2007ல் முடித்து முனைவர் ஆனார். இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் அதிகம் பேர் வேலை செய்யாததால் பழைய தரவுகள் செல்லுபடியாயின. எல்லாப் படிப்பும் இப்படிக் காத்திருக்காது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

என் கருத்து இது: மூன்றாம் ஆண்டை அரியர் இல்லாமல் முடிக்கட்டும். அதுவரை கிடாரைப் பிடுங்கி வைக்காதீர்கள். வார இறுதியில் பயிற்சி, மாதம் ஒரு மேடையாவது என்று அவனே திட்டம் போடட்டும். யாரோடு வாசிக்கிறான், சொந்தப் பாட்டு எத்தனை, யாராவது காசு கொடுத்துக் கூப்பிட்டார்களா என்று கோபப்படாமல் கேளுங்கள். பட்டம் கையில் வந்த பிறகு ஒரு வருடம் இசைக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். அந்த வருடச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த தடவை அவன் எங்கே வாசித்தாலும் நீங்களும் போய்க் கேளுங்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, அவன் வாசித்த பதிவுகள் இரண்டு மூன்றும் வேண்டும்.